பின் சக்கரத்தில் வைத்த குங்குமம்

என் மகன் பார்த்த வேலைக்கும் மகள் பார்க்கிற வேலைக்கும் ஒரே பேர்தான். வெக்டர் இன்ஜின். மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் இருந்தான். மகள் பெங்களூரில், கம்ப்யூட்டருக்குள்ளே வைக்கிற சிப்பு செய்கிற இடத்தில் இருக்கிறாள். நான் ஒன்பதாவதோடு நின்றவள். பிள்ளைகள் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ரெண்டு பேரும் இன்ஜின் வேலைதான்" என்று சொல்லிவிடுவேன். பக்கத்தில் இருந்தால் ரெண்டு பேரும் ஒரே குரலில் கத்துவார்கள். "ரெண்டும் ஒண்ணு இல்லம்மா!"

ஒரு பொங்கலுக்கு ரெண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள். நான் அடுப்படியில் வடைக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தேன். சரி, அப்படி என்னதான் வித்தியாசம், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்று கேட்டேன். மகன் முந்திக்கொண்டான்.

"நம்ம அம்மன் தேரு தெருமுனைல திரும்பறப்ப இன்னா பண்ணுவாங்க?"

"கட்டை போடுவாங்க."

"எந்தச் சக்கரத்துக்கு?"

"திரும்பற பக்கத்துச் சக்கரத்துக்கு. அது நிக்கும், அந்தாண்ட சக்கரம் ஓடும், தேரு திரும்பும். இது கூடவா தெரியாது எனக்கு?"

"அவ்ளோதாம்மா என் வேலை. ஆனா நான் கட்டை போட மாட்டேன். பின் சக்கரம் ரெண்டுக்கும் தனித்தனி மோட்டாரு. வண்டி வளைவுல போறப்ப வெளிப்பக்கச் சக்கரத்தக் கொஞ்சம் ஜாஸ்தியாத் தள்ளும், உள்பக்கத்தக் கொஞ்சம் கம்மியாத் தள்ளும். எவ்ளோ தள்ளணும், எந்தப் பக்கம் தள்ளணும், ரெண்டும் சேந்ததுதான் வெக்டரு. வெக்டர் இன்ஜின் அதக் கணக்கு போட்டுப் போட்டு மாத்திக்கினே இருக்கும். ராக்கெட்டுக்கும் இதே பேரு உண்டு. அங்க இன்ஜினோட வாயையே சாய்ச்சு ராக்கெட்டத் திருப்புவாங்க."

மகள் ஒரு வடையை எடுத்துக் கடித்துக்கொண்டே, "அவன் கதை முடிஞ்சுதா? இப்ப என் கதையக் கேளு" என்றாள். "எங்களுக்கு வெக்டர்னா ஒரு வரிசைம்மா. வரிசையா நிக்கற நம்பருங்க. நீ விளக்குப் பூஜைக்குப் போறல்ல? பூசாரி மைக்குல ஒரு தடவதான் சொல்றாரு. அத்தனை பொம்பளைங்களும் அவங்கவங்க விளக்குக்கு ஒரே நேரத்துல குங்குமம் போடறீங்க. ஒவ்வொருத்தர்கிட்டயா வந்து 'போடும்மா, போடும்மா'ன்னு சொன்னா என்னாவும்?"

"அம்மாவாசை முடிஞ்சு பௌர்ணமி வந்துடும்."

"அதான். எங்க இன்ஜின் அந்தப் பூசாரி மாதிரி. ஒரு சொல்லு சொன்னா வரிசைல இருக்கற எல்லா நம்பரும் ஒரே நேரத்துல வேலைய முடிச்சுடும்."

"அப்ப உன் இன்ஜின் பொட்டிக்குள்ள உக்காந்துனு குங்குமம் போடுது" என்றான் மகன். "என்னுது ரோட்ல போவுது."

"போடா. ரோட்ல போறதுக்கு முன்னாடி உன் வண்டி திரும்புதா, கவுருதான்னு கம்ப்யூட்டர்ல எங்க இன்ஜின்லதான படமா ஓட்டிப் பாக்கற? சொல்லு, எங்க கால்ல வுழறியா இல்லியா?"

"என் வண்டி கவுராது."

"பாத்தியாம்மா, வுழறான், ஒத்துக்கினான்!"

கொல்லைப் பக்கமிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். அவருக்கு நெல் மண்டியில் மூட்டை எடை போடும் வேலை. "ரெண்டு இன்ஜினும் கொஞ்சம் எழுந்து வந்து இந்தத் தண்ணி மோட்டாரப் பாருங்கப்பா. டேங்குல ஏறவே மாட்டேங்குது." ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள். கடைசியில் மோட்டார் சரியாகவில்லை. தெருக்கோடியில் இருந்த மெக்கானிக்தான் வந்து செய்து கொடுத்தார்.

அந்தப் பொங்கல் முடிந்து மகனை பஸ் ஏற்ற பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "அடுத்து வர்ற எங்க வண்டில என் வேலை இருக்கும்மா" என்றான். "எல்லாரும் முன்னாடி தொறந்து பாப்பாங்க. நீ முன்னாடி பாக்காத. பின் சக்கரத்தப் பாரு." பஸ் கிளம்பிய பிறகும் தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னான். காதில் விழவில்லை. என்ன சொன்னான் என்று போனில் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன்.

மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. "சும்மா காய்ச்சல்தாம்மா, மாத்திரை போட்டுருக்கேன்" என்றான். "கஞ்சி குடிச்சியா?" என்று கேட்டேன். "குடிச்சேன்" என்றான். டெங்கு என்று தெரிந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது என்னைப் பார்த்துக் கண்ணை மட்டும் திறந்தான். அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. அவனை ஊருக்குக் கொண்டுவந்தோம். கோட்டை மலை நனைந்து கறுப்பாக நின்றது. தெருவே வந்திருந்தது.

எங்கள் வழக்கத்தில் சாவு விழுந்த வீடு ஒரு வருஷத்துக்குக் கோயில் படி ஏறாது. நல்ல நாள் இல்லை, பலகாரம் இல்லை, அடுத்த வீட்டு விசேஷத்தில் முன்னால் போய் நிற்கக் கூடாது. சோறில்லாமல் கூட நான் இருந்துவிடுவேன். என் அம்மன் முகத்தைப் பார்க்காமல் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை தோறும் போகிறவள். அமாவாசைக்கு மலையனூர் போகிறவள். என் பிள்ளை போய், அழுவதற்கு ஒரு இடம் வேண்டும் என்கிறபோது அந்த இடத்துக் கதவையும் சாத்தினது மாதிரி இருந்தது. "ஏண்டி இப்படிச் செஞ்ச?" என்று அவளைக் கேட்கக்கூட வீட்டுக்குள் மாட்டியிருந்த காலண்டர் படம்தான் எனக்கு.

தேர் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். அந்த வருஷமும் போனது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். தெருமுனையில் தேர் திரும்புகிற நேரம். "கட்டை போடு! கட்டை போடு! அந்தாண்ட விடு!" என்று கத்துகிற சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. என் வீட்டுக்காரர் எழுந்துபோய் டிவியைப் போட்டார். சத்தத்தைக் கூட்டி வைத்தார். என்ன ஓடுகிறது என்று ரெண்டு பேரும் பார்க்கவில்லை.

சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. தட்டில் போட்டதைப் பிசைந்து பிசைந்து பூனைக்கு வைப்பேன். மகள் தினமும் போன் பண்ணி, "சாப்டியாம்மா?" என்பாள். "சாப்ட்டேன்" என்பேன். "இன்னா சாப்ட்ட?" என்று கேட்டால் பதில் சொல்லத் தடுமாறுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் பக்கத்து வீட்டில் கார் வாங்கினார்கள். அந்த வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். அவர் மனைவி மேல்சித்தாமூர்ப் பக்கத்து நயினார் வீட்டுப் பெண், சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, மதில்மேல் கையை வைத்துக்கொண்டு என்னோடு பேசுவாள். என்னை அக்கா என்பாள். நானும் அவளைத் தங்கச்சி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். வண்டி வந்த அன்றைக்கு நான் உள்ளேயே இருந்தேன். புது வண்டி. துக்க வீட்டுக்காரி நான் எதிரில் போய் நிற்கலாமா? ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளை வண்டி. கரண்டில் ஓடுகிற வண்டி. முன்னால் இருந்த அடையாளத்தைப் பார்த்தேன். என் மகன் சட்டைப் பையில் தைத்திருந்த அதே அடையாளம்.

அடுத்து வர்ற எங்க வண்டி என்றானே. அது இதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

ரெண்டு மூன்று நாள் கழித்து அவளே மதிலோரம் வந்தாள். "இன்னாக்கா, வண்டி வாங்கிருக்கோம், வந்து எட்டிக்கூடப் பாக்கல?"

"நான் வரலாமாம்மா? வருஷம் திரும்பலியே."

"உங்க தீட்டு உங்க வீட்டோட. வண்டிக்கு எங்க வந்துது? உங்க புள்ள செஞ்ச வண்டி. அவங்கம்மா கை படாம வேற யார் கை படணும்? வாங்கக்கா. வரப்போறீங்களா, நான் வந்து இழுத்துனு போகட்டுமா?"

போனேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வீட்டு விளக்குக்கு வைத்த குங்குமம் விரலில் மீதி இருந்தது. எல்லாரும் பொட்டு வைக்கிற முன்பக்கத்துக்குப் போகாமல் பின்பக்கம் போய்க் குனிந்து, சக்கரத்தின் நடுவில், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தேன். கையை அப்படியே சக்கரத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். இரும்பு ஜில்லென்று இருந்தது. என் பிள்ளை கடைசியாக யோசித்தது எல்லாம் இதற்குள்ளே இருக்கிறது என்று நினைத்தேன். அவள் தள்ளி நின்று, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் ஒரு தட்டு சோறு சாப்பிட்டேன். ரசம் ஊற்றி இன்னொரு கை போட்டுக்கொண்டேன்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறியதில்லை. விடிந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு குங்குமச் சிமிழோடு மதிலைச் சுற்றிப் போவேன். அவள் கேட்டைத் திறந்து வைத்திருப்பாள். கோயிலுக்குப் போக முடியாத வருஷத்தில் எனக்கு அதுதான் கோயில். இப்படிச் சொல்வது தப்பா என்று தெரியாது. அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளும் பெற்றவள்தானே.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் வாத்தியார் திருவண்ணாமலைக்குப் போவதாகச் சொன்னதும், "கோட்டை வளைவு வரைக்கும் நானும் வரட்டுமா சார்?" என்று கேட்டு ஏறிக்கொண்டாராம். அங்கே இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தார். வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றவரை, "எங்க போய்ட்டு வரீங்க?" என்று கேட்டேன்.

"வண்டில போய்ப் பாத்தேன். வளைவுல தெரிஞ்சுதுடி."

"இன்னா தெரிஞ்சுது?"

"அந்தாண்டச் சக்கரம் தள்ளுச்சு. அவன் சொன்னான்ல, அதே மாதிரி. முதுகுல கை வச்சுத் தள்ற மாதிரி."

சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய் வெகு நேரம் முகம் கழுவினார்.

வருஷ திதிக்கு மகள் வந்தாள். படையல் போட்டுக் காக்காய்க்கு வைத்து எல்லாம் முடிந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. அவளையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். நான் குங்குமம் வைப்பதை அவள் கேட்டோரமே நின்று பார்த்தாள். கிட்டே வரவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்ததும் கேட்டேன்.

"நானும் குத்துமதிப்பா வச்சுனு இருக்கேன். நீ அந்தப் படிப்புப் படிச்சவ. சக்கரத்துல எந்த இடத்துலடி இருக்குது அவன் வேலை? கரெக்டா காட்டு. அந்த இடத்துல வைக்கிறேன்."

அவள் பாலை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

"இன்னாடி?"

"எங்க வச்சா இன்னாம்மா?"

"கேக்கறேன்ல, சொல்லேன்."

அப்படியே கீழே, அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, அந்த வண்டில இல்லம்மா."

எனக்குப் புரியவில்லை. எந்த வண்டியில் எது இல்லை என்று கேட்டேன்.

"இந்த வண்டிக்கு ஒரே மோட்டாருதாம்மா. அது முன்னாடி இருக்குது. முன் சக்கரந்தான் இழுக்குது. பின் சக்கரம் சும்மா உருளுது. அண்ணன் செஞ்சது வேற வண்டிக்கு. அந்த வண்டிய வேணாம்னு நிறுத்திட்டாங்க."

"எப்ப?"

"அவன் போனதுக்கு அப்புறம். கூட வேலை செஞ்சவர்கிட்ட கேட்டேன். இப்போதைக்கு இல்லன்னுட்டாரு."

"அப்ப எந்த வண்டில இருக்குது?"

"எதுலயும் இல்லம்மா."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ரெண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. தீய்ந்த வாசனை வந்த பிறகு அவள்தான் எழுந்துபோய் அணைத்தாள்.

"உனக்கு எப்பலேந்துடி தெரியும்?" என்று கேட்டேன்.

"அவங்க வண்டிக்குக் குங்குமம் வச்சேன்னு நீ போன்ல சொன்னல்ல, அப்பலேந்து."

"அப்பவே ஏன்டி சொல்லல?"

"நீ சாப்ட ஆரம்பிச்சிருந்தம்மா" என்றாள். "ரசம் சாதம்னு சொன்ன. அதுக்கப்புறம் வத்தக்குழம்புன்னு சொன்ன. நான் எப்படிச் சொல்லுவேன்?"

அவளைக் கட்டிக்கொண்டேன். அவளும் அண்ணனைப் பறிகொடுத்தவள்தான் என்பதை அந்த வருஷம் முழுக்க நான் நினைத்துப் பார்த்தேனா என்று அப்போது தோன்றியது. தாயின் அழுகை வீட்டையே அடைத்துக்கொண்டால் மற்றவர்கள் எங்கே உட்கார்ந்து அழுவார்கள்?

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று கேட்டேன். அவன் போட்ட கணக்கு எங்கே இருக்கிறது என்று. கம்பெனி கம்ப்யூட்டரில் இருக்கும் என்றாள். "நீதான் சொல்லுவியே, அவன் வண்டி திரும்புதா கவுருதான்னு உங்க இன்ஜின்லதான் ஓட்டிப் பாப்பாங்கன்னு. நீ ஒரு தடவ ஓட்டிப் பாரேன். நான் வந்து பாக்கறேன். வெறும் படமா இருந்தாக்கூடப் போதும்."

"அது அவங்க சொத்தும்மா. நாம கேக்கக்கூட முடியாது. வெளிய எடுக்கவும் விட மாட்டாங்க" என்றாள். "எத்தினியோ நாள் ஆபீஸ்ல மெஷின் முன்னாடி உக்காந்து இதயே நெனைச்சேன். உலகத்துல இருக்கற கணக்கெல்லாம் ஓட்டறேன். அவனுது ஒண்ணு மட்டும் என் கைக்கு வரல."

சாயந்தரம் அவர் மண்டியிலிருந்து வந்தார். மகளே சொன்னாள். தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். "அப்படியா" என்றார். கோட்டை வளைவில் தள்ளுச்சு என்றாரே, அது எனக்காகச் சொன்ன பொய்யா, இல்லை அவருக்கு நிஜமாகவே முதுகில் கை தெரிந்ததா, நான் கேட்கவில்லை. பொய் என்றால் அவர் என்னைத் தாங்கிக்கொண்டு தனியாக அழுதிருக்கிறார். நிஜம் என்றால் அதை நான் எப்படி அவரிடமிருந்து பிடுங்குவேன்? ரெண்டில் எது என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. மகள் அந்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் போய்விட்டாள்.

வருஷம் திரும்பிவிட்டதால் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அத்தனை நாளாகப் பார்க்காத முகம். என்னென்னமோ கேட்கவேண்டும் என்று போனவள் ஒன்றும் கேட்காமல் நின்றேன். பூசாரி, "எவ்ளோ நாளாச்சும்மா வந்து" என்று குங்குமத்தைக் கையில் போட்டார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

பக்கத்து வீட்டுக்கு இனிமேல் போவதில்லை என்று முடிவு பண்ணியிருந்தேன். அவளிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம், இது என் பிள்ளை வேலை இல்லையாம் தங்கச்சி, உன் கேட்டைத் திறந்து வைக்கவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். கேட் திறந்திருந்தது. வண்டியைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள்.

"இன்னாக்கா இன்னிக்கு இவ்ளோ நேரம்? இவரு ஸ்கூலுக்குக் கிளம்பணும்னு குதிக்கறாரு. 'அந்தக்கா வந்து வைக்காம வண்டிய எடுக்கக்கூடாது'ன்னு சாவிய வாங்கி வச்சுனு நிக்கறேன்."

"கோயிலுக்குப் போய்ட்டு வந்தேம்மா" என்றேன். "தங்கச்சி, ஒரு விசயம் சொல்லணும்."

"சொல்லுங்கக்கா. மொதல்ல வைங்க, அப்புறம் சொல்லுங்க." பிறகு அவளே குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "உங்களுக்குத் தெரியாது. இவரு மொதல்ல வேற கம்பெனி வண்டிதான் பாத்து வச்சிருந்தாரு. நான்தான் ஒத்தக்கால்ல நின்னேன். அந்தப் புள்ள செஞ்சது ரோட்ல ஓடும்போது நம்ம வீட்டு வாசல்ல ஒண்ணு நிக்கட்டும், அக்கா தெனமும் பாக்கட்டும்னு. அதுக்குத்தான் இத வாங்கனோம்." சொல்லிவிட்டு, "நீங்க இன்னா சொல்ல வந்தீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

பின்பக்கம் போய்க் குனிந்தேன். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தேன். வழக்கம் போல் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் பார்க்கிறாளே. இரும்பு இரும்பாக இருந்தது. வாத்தியார் வந்து வண்டியை எடுத்தார். "வரேன்மா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டு போனார். நல்லபடியாகப் போய்த் திரும்பட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதில் பொய் இல்லை.

இப்போதும் வெள்ளிக்கிழமை தோறும் போகிறேன். வீட்டுக்கு வந்து, விரலில் ஒட்டிய குங்குமத்தைக் கழுவாமல் கொஞ்ச நேரம் கொல்லையில் உட்கார்ந்திருப்பேன். மகள் போன் பண்ணுவாள். "சாப்டியாம்மா?" என்பாள்.

"சாப்ட்டேன்" என்பேன்.

"இன்னா சாப்ட்ட?"

தடுமாறாமல் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டேன்.